பாங்கு நேரத்தில் நின்ற தாளம்

"இனிப் பாட்டு இல்லை" என்று சுதாகரன் சொன்ன நாளிலிருந்தே கேதீஸ்வரி பொருமிக்கொண்டிருந்தாள். 'சுழி' என்ற அந்த ரொக் இசைக்குழுவுக்குப் பாட்டு எழுதியவள் அவள், பாடியவளும் அவள். கொழும்பில் யாரோ முன்கூட்டி எதுவும் பேசிக்கொள்ளாமல் மேடையேறி வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்த சுதாகரன், கிற்றாரைத் தோளில் மாட்டியபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"மெட்டும் இல்ல, தாளக்கட்டும் இல்ல. அந்தந்த நேரத்தில மனசுக்கு என்ன வருகுதோ அதை வாசிப்பம். எல்லாருக்கும் சுதந்திரம்."

"அப்ப நான் என்ன செய்யிற, சுதாண்ணா? மேடையில நிண்டு கொட்டாவி விடவா?"

"அதையும் மைக்குக்கு முன்னால விடு புள்ள. அதுவும் சத்தந்தானே."

பேஸ் கிற்றார் வாசிக்கும் நிதுர்ஷன் விழுந்து விழுந்து சிரித்தான். ட்ரம்ஸ் வாசிக்கும், அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஏறாவூர் நௌஷாட் மட்டும் சிரிக்கவில்லை. "உன்ட குரலும் ஒரு வாத்தியம்தான் தங்கச்சி. செய்து பாப்பமே" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் விலகாமல் இருந்தாள்.

ஆரையம்பதியில், வாவிக்கரையோரம், வெயில் தாழ்ந்த பிறகு கச்சேரி. முன்பெல்லாம் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன் ஒரு பாட்டு முடிகிற மாதிரி அவள்தான் வரிசை போடுவாள். பாங்கு ஓயும்வரை எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். கோயில் திருவிழாவில்கூட அந்த நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தக் கண்டு வளர்ந்தவர்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்போது பாட்டு இல்லை, அதனால் பாட்டின் முடிவும் இல்லை. அந்த இடைவெளியை எங்கே விடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை; அவளுக்கும்தான்.

வாசிப்புச் சற்றுத் தணிந்த நேரம், அடுத்த ஊரான காத்தான்குடியின் பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்கு கேட்டது. நௌஷாட் குச்சிகளை மடியில் வைத்தான்.

சுதாகரனுக்கு அப்போதுதான் கை சூடேறியிருந்தது. மைக்கிலேயே கத்தினான்: "ஏன் மச்சான் நிண்ட? நல்லா வருகுது, அடி!"

நௌஷாட் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான்.

"பொறுக்க ஏலாது. நிக்கிறதெண்டா இறங்கிப் போ!"

நௌஷாட் முகம் கறுத்து எழுந்தான். அவன் இறங்கினால் பிறகு ஏறமாட்டான், குழுவும் அத்தோடு சரி என்பது கேதீஸ்வரிக்குத் தெரியும். தொழுகைக்குக் கூப்பிடும் குரலுக்கு வழிவிடத் தெரியாத கைக்கு என்ன இசை வரும்? விறுவிறுவென்று போய், சுதாகரனின் கிற்றார் ஒலியைப் பெருக்கும் அம்ப்பை நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் சுதந்திரம் எண்டு ஆர் சொன்ன? எனக்குக் கொட்டாவி விடலாம், நௌஷாட் நானாவுக்குச் சும்மா இருக்க ஏலாதா? உங்கட மனசுக்கு வாறதை நாங்க அடிக்கிறதுக்குப் பேரா சுதந்திரம்? வெக்கமா இல்லையா அண்ணா?"

சுதாகரன் நின்றுபோன அம்ப்பைத் திரும்பிப் பார்த்தான். நிதுர்ஷன் தந்தியிலிருந்து கையை எடுத்தான். பாங்கு ஓயும்வரை யாரும் அசையவில்லை.

ஓய்ந்த பிறகு சுதாகரன் அம்ப்பைப் போட்டான். எங்கே தொடங்குவது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றான். நல்லா நிக்கட்டும் என்றுதான் கேதீஸ்வரி நினைத்தாள்.

நௌஷாட் அப்படி நினைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, விரல் நுனியால் சிம்பல் தட்டின் ஓரத்தை மெல்லத் தேய்த்தான். சுதாகரனைப் பார்த்தான். மறுபடி தேய்த்தான், காத்திருந்தான். சுதாகரன் ஒற்றைத் தந்தியை, கேட்டும் கேட்காமலும், மீட்டினான்.

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அவன் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க வைக்காமல் வீட்டுக்கு விடுவதாக அவளுக்கு எண்ணமும் இல்லை. ஆனால் சொல் பட்டவனே பொறுத்துவிட்டான். கேதீஸ்வரி மைக்கருகே போய், சொல் எதுவும் இல்லாமல், அந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் தன் குரலை வைத்தாள்.