குச்சி காட்டிய அளவு

"முள்ளு விழுதுன்னா சம்ப்புல தப்பு இருக்குன்னு அர்த்தம் மாப்ளே. நீ எத்தனை தடவை..."

"சம்ப்புல ஒரு தப்பும் இல்ல மாமா. முள்ளுதான் பொய் சொல்லுது. எங்கயோ ஒயரு..."

"நான் பேசி முடிச்சுக்கறேன்."

"நீங்க எப்ப முடிச்சீங்க, நான் ஆரம்பிக்கறதுக்கு?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? முள்ளு பொய் சொல்லல."

மூன்றாவது குரல் காருக்குள்ளிருந்து வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, சீட்டில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தாள் அவள். ஒரு பக்கம் கணவன், இன்னொரு பக்கம் கூடப்பிறந்த தம்பி. நடுவில் அவளுடைய செருப்பு.

பட்டறை மூவருடையது. பழைய ஜெர்மன் கார்களின் களைத்துப்போன இன்ஜினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றித் தருவார்கள். இறக்குவதும் ஏற்றுவதும் கணவன். வெட்டி ஒட்டுவது தம்பி. ஒயர் எல்லாம் அவள். தம்பியை வாடிக்கையாளர்கள் பொறி என்று கூப்பிடுவார்கள். வெல்டிங் மெஷினிலிருந்து பறப்பது பாதி, வாயிலிருந்து பறப்பது பாதி.

இப்போது நின்றுகொண்டிருந்தது நாற்பது வயதான கார். முன்னால் நாலு வட்ட விளக்கு, கதவைச் சாத்தினால் இரும்பு பீரோவைச் சாத்துகிற சத்தம். அதற்குள் ஜப்பான்காரனின் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை வைத்திருந்தார்கள். "ஜெர்மன் மாமியார் வீட்டுக்கு ஜப்பான் மருமக வந்திருக்கா. சுவரை இடிக்காம குடித்தனம் நடக்காது" என்று கணவன் முதல் நாளே சொல்லிவிட்டான்.

சுவரை இடிக்கிற வேலை தம்பியுடையது. இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்குகிற தொட்டிதான் சம்ப். வந்த இன்ஜினில் அது முன்பக்கமாகத் தொங்கியது. காரில் சரியாக அந்த இடத்தில் ஒரு குறுக்குச் சட்டம். தம்பி சம்ப்பை வெட்டி, தொங்கலைப் பின்பக்கம் நகர்த்தி, எண்ணெயை உறிஞ்சுகிற குழாயையும் வளைத்துப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினான். நாலு நாள் வேலை. தையல் மாதிரி இருந்தது அந்த வெல்டிங்.

வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால், எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் பொத்தென்று விழுந்தது. சமதரைக்கு வந்ததும் எழுந்து நின்றது. மூன்று நாளாக இதே கதை.

"ஒயர்ல சந்தேகம்னு நீ சொன்னதும், ஒயரே இல்லாத கேஜ் ஒண்ணை நேரா இன்ஜின்ல மாட்டிப் பார்த்தேன்" என்றாள் அவள், மெல்ல வெளியே வந்து உட்கார்ந்து. "அதுலயும் விழுது. ரெண்டு முள்ளு சேர்ந்து பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லும்?"

"அப்போ நான்தான் தப்புங்கற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீ சொல்லல. மாமா சொல்றாரு, நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டற."

"தலை இடிச்சுக்கிச்சுடா. தடவிக்கிட்டிருக்கேன்."

கணவனுக்குச் சிரிப்பு வந்தது, தம்பிக்கு வரவில்லை. "சம்ப்புல தண்ணி ஊத்தி அளந்துதான் கட்டினேன்" என்றான். "பழசுல அஞ்சரை லிட்டர் புடிச்சது. என்னுதுலயும் அஞ்சரை. ஒரு டம்ளர் கூடக் குறையல."

"தொட்டி சரியா இருக்கலாம். உறிஞ்சுற குழாய் அடி வரைக்கும் எட்டுதா?"

"எட்டுது."

"கண்ணால பார்த்தியா?"

"விரலை வச்சுப் பார்த்தேன் மாமா. என் விரலு, என் குழாய். அந்தச் சைலன்சர் கடைக்காரன் மாதிரி கண்ணை மூடிக்கிட்டு ஒட்டறவன் இல்ல நான்."

அதோடு அன்றைய காலைச் சண்டை ஓய்ந்தது. கணவன் லேத் பட்டறைக்கு ஏதோ வாங்கக் கிளம்பினான். தம்பி பின்கட்டில் வேறொரு வண்டியின் தகரத்தை வெட்டப் போனான். வெட்டுகிற சத்தத்திலேயே அவனுடைய கோபம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்தது.

போன் அடித்தது. காரின் சொந்தக்காரி, பல் டாக்டர்.

"என் பேஷண்ட் எப்படி இருக்கு?"

"ஜுரம் விட்டு விட்டு வருது டாக்டர்."

"சனிக்கிழமை மலை ஏறணும், ஞாபகம் இருக்கட்டும். உள்ள எண்ணெய் சரியா இருக்கா?"

"எண்ணெய் அளவு பாக்கற குச்சியில ஃபுல் காட்டுது."

"குச்சி சொன்னா நம்பிடுவீங்களா? எங்கிட்ட வர்றவங்க இந்தப் பல்லுதான் வலிக்குதுன்னு தொட்டுக் காட்டுவாங்க. நான் அதையே நம்பறதில்ல, படம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன்."

வேறு நேரமாக இருந்தால், பல்லும் இன்ஜினும் ஒன்றா என்று உள்ளுக்குள் நொடித்துக்கொண்டு வேறு வேலை பார்த்திருப்பாள். மூன்று நாள் தலைவலியில் எதையாவது செய்தால் போதும் என்றிருந்தது. காரை ஜாக்கியில் தூக்கினாள். அளவுக்கோடு போட்ட கேனை அடியில் வைத்து, சம்ப்பின் போல்ட்டைக் கழற்றினாள்.

எண்ணெய் வடிந்து, நூலாகி, சொட்டாகி, நின்றது. கேனைப் பார்த்தாள். நாலு லிட்டர்.

வடிகட்டியில் இன்னும் கொஞ்சம் நிற்கும், அது எப்போதும் நிற்பது. ஆனாலும் ஒன்றரை லிட்டர் எங்கே போகும்? ஒழுக்கு இல்லை. தரையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. வெட்டிக் கட்டிய சம்ப்புக்குப் புத்தகத்தில் அளவு கிடையாது என்று கணவன் குச்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினான். குச்சி ஃபுல் என்றது. அவனும் நிறுத்திவிட்டான்.

குச்சியை உருவினாள். துடைத்தாள். திரும்பச் செருகினாள். அது இறங்குகிற குழாயின் வாய் கண்ணில் பட்டது. வெட்டிய விளிம்பு பளபளவென்று இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

போன வியாழக்கிழமை மத்தியானம். கார் வெளியே நின்றது, மழை வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் பானெட்டை இறக்கினாள். புது இன்ஜின் உயரம். குச்சியின் வளையம் பானெட்டில் இடித்தது. ஆண்கள் இரண்டு பேரும் இல்லை. உள்ளே அவள் புதிதாக இழுத்த ஒயர் அத்தனையும் நனையும். ஹாக்ஸா பிளேடை எடுத்து, குச்சி நிற்கிற குழாயில் ஒன்றரை விரல் அளவு அறுத்து எறிந்தாள். குச்சி தாழ்ந்தது, பானெட் மூடியது. குழாயை வெட்டினால் குச்சியையும் அதே அளவு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றரை விரல் ஆழமாக இறங்கி, குறைந்த எண்ணெயையே ஃபுல் என்று சொல்லும். அது அவளுக்குத் தெரியாததல்ல. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டு நாள் அதிலேயே தலை முழுகிப்போயிற்று.

எதிர்ச் சுவரில் சிவப்பு பெயிண்டில் அவள் கையெழுத்து: "எதை வெட்டினாலும் மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும்." இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி சொல்லாமல் ஒரு பிராக்கெட்டை வெட்டிவிட்டான் என்று அவளே எழுதியது. அன்றைக்கு அதை அவனை நிற்க வைத்து மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவனும் படித்தான். நாலாவது தடவை ராகம் போட்டுப் படித்தான்.

போல்ட்டை முடுக்கி, வடிந்ததை வடிகட்டி ஊற்றி, மேலே ஒன்றரை லிட்டர் புதிது ஊற்றினாள். மேம்பாலத்துக்கு ஓட்டிப் போனாள். இறக்கத்தில் ஒன்றுக்கு மூன்று தடவை பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்த லாரிக்காரன் அவள் பரம்பரையையே விசாரித்தான். முள் அசையவில்லை.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. தம்பியிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று பின்கட்டு வாசல் வரைக்கும் போனாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தான். சத்தத்தில் காது கேட்காது, நிறுத்தட்டும் என்று நின்றாள். அவன் நிறுத்தினான். அவள் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கணவன் வந்தான். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"ஏம்மா, முள்ளு நிக்குது. என்ன பண்ணினே?"

"எண்ணெய் ஊத்தினேங்க. ஒன்றரை லிட்டர்."

அவன் குச்சியை உருவிப் பார்த்தான். கோட்டைத் தாண்டி விரற்கடைக்கு மேலே எண்ணெய். "பார்த்தியா? ஃபுல்லுக்கு மேல ஊத்தினாத்தான் குடிக்குது. அப்போ என்ன அர்த்தம்? உறிஞ்சுற குழாய் அடிக்கு எட்டல. நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

"அது வந்து..."

"மாப்ளே, இங்க வா."

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கணவன் குச்சியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அளந்துதான் கட்டினேன் மாமா."

"குச்சியைப் பாரு."

"விரலை வச்சுப் பார்த்தேன்னு காலையிலயே சொன்னேன்."

"உன் விரலு பெரிய விரலு. சம்ப்பைக் கழட்டிக் குடு. சைலன்சர் கடையில குடுத்து ஒட்டி வாங்கறேன். சனிக்கிழமை வண்டி போகணும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த டேப்பை ஒன்றுமில்லாத ஒயரில் சுற்றிக்கொண்டிருந்தாள். கணவன் அவர்கள் முன்னாலேயே சைலன்சர் கடைக்காரனுக்குப் போன் போட்டு, "நம்ம வெல்டிங்ல சின்னக் கோளாறு" என்றான். சின்னக் கோளாறு என்ற வார்த்தையில் தம்பியின் முகம் செத்துப்போனது. அவன் பின்கட்டுக்குப் போனான். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. கூப்பிட்டதற்குப் "பசி இல்ல" என்று மட்டும் பதில் வந்தது.

அவள் சாப்பிட்டாள். மென்று விழுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு மணிக்குப் பின்கட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். வெல்டிங் மாஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான் தம்பி. கையுறை உள்ளே போயிற்று. அவன் சொந்தமாக வாங்கிய கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பட்டறைக்குச் சொந்தமானதைத் தனியே ஒதுக்கி வைத்தான். அந்த ஒதுக்கி வைத்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எங்கடா கிளம்பிட்டே?"

"பஸ் பாடி கட்டற இடத்துல ஆள் கேட்டாங்க. ரொம்ப நாளா கேக்கறாங்க."

"பொறி, கோவத்துல எதையும்..."

"கோவம் இல்லக்கா. கோவம்னா கத்துவேன், உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் ஒட்டினவன் ஒட்டினதை இன்னொருத்தன் பிரிச்சு ஒட்டணும்னா நான் எதுக்கு இங்க?"

கணவனும் வந்து நின்றான். "இப்ப என்ன ஆயிடுச்சுன்னு மாப்ளே? புதுப் பொண்ணு மாதிரி பெட்டி கட்டிக்கிட்டு."

தம்பி பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கியது. மறுபடி இழுத்தான்.

"குழாயை வெட்டினது நான்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எந்தக் குழாயை?" என்றான் கணவன்.

"குச்சிக் குழாயை. போன வியாழக்கிழமை. மழை வந்துச்சு, பானெட் மூடல. ஒன்றரை விரல் வெட்டினேன். குச்சியைக் குறைக்க மறந்துட்டேன். அது அதிகமா காட்டுது. நீங்க அதைப் பார்த்து ஊத்தினீங்க. எண்ணெய் கம்மி, இறக்கத்துல அது முன்பக்கம் ஓடிடுது, பின்னால இருக்கற குழாய்க்கு எட்டல, அதான் முள்ளு விழுந்துச்சு. இவன் வேலை சரியாத்தான் இருக்கு."

கணவன் விறுவிறுவென்று காருக்குப் போனான். குச்சியை உருவுகிற சத்தம், திரும்பச் செருகுகிற சத்தம். குழாயின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். திரும்பி வரும்போது அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"மூணு நாளா இதை உருவி உருவிப் பார்த்திருக்கேன். என் கண்ணை அவிச்சுத்தான் போடணும். மாப்ளே, விடுப்பா. சைலன்சர் கடைக்காரனுக்கு நானே போன் பண்ணி, கோளாறு எங்க வீட்டம்மாதுன்னு சொல்லிடறேன். எண்ணெய் பத்தாம ஓடினதுல உள்ள பேரிங் அடி வாங்கியிருக்கான்னு பார்க்கணும், சம்ப்பை நீயே இறக்கு, நீயே ஏத்து. பையைக் கீழ வை."

தம்பி பையைக் கீழே வைக்கவில்லை. தோளில் மாட்டவும் இல்லை. கையில் தொங்க, அக்காவையே பார்த்தான்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"காலையில."

"காலையிலன்னா?"

"பதினொன்னு இருக்கும்."

"மாமா குச்சியை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரே, அப்போ?"

"தெரியும்."

"அவனுக்குப் போன் போட்டாரே?"

"தெரியும்டா. சொல்ல வந்தேன். வாய் வரல. அந்தச் சுவத்துல எழுதினதே நான்தானே. உன்னை நிக்க வச்சுப் படிக்கச் சொன்னதும் நான்தானே. அது..."

"அட, அக்கா தம்பிக்குள்ள இது ஒரு பெரிய..." என்று கணவன் நடுவில் புகுந்தான்.

"நீங்க கொஞ்சம் இருங்க மாமா." தம்பியின் குரல் உயரவே இல்லை. அவன் கத்தினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. நான் இப்படி மூட்டை கட்டாம, மாமா சொன்ன மாதிரி பேசாம சம்ப்பைக் கழட்டி அவர் கையில குடுத்திருந்தேன்னா, நீ சொல்லியிருப்பியா?"