ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு

“வர்ற வாரம் அன்பின் விருந்த பிரதர் சுகுமாரன் குடும்பத்தார் செய்றாங்க” என்று சாந்தினி அக்கா மைக்கில் அறிவித்தபோது, பெனினா தன் காதுதான் கோளாறாகிவிட்டது என்று நினைத்தாள். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு அவர்களுடையது. டத்தோ கிராமாட் பக்கத்திலிருந்த அந்தச் சின்னத் தமிழ்ச் சபையில் மாதம் ஒருமுறை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். மாதத்துக்கு ஒரு குடும்பம் சமைக்கும். சமைத்த குடும்பமே மேசைக்குப் பின்னால் நின்று தன் கையால் பரிமாறும். அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஆகஸ்ட் என்றால் அவள் கணவர் தேவசகாயத்தின் கோழிப் பிரட்டல்தான். லோரி ஓட்டுகிற மனிதர், வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ராஜா மாதிரி கரண்டி பிடித்து நிற்பார்.

அறிவிப்பு முடிந்ததும் ஜெபக் குறிப்புகள் தொடங்கின. முதல் பெயரே அவருடையதுதான். “பக்கவாதத்தால கஷ்டப்படுற நம்ம பிரதர் தேவசகாயம், அவரு குடும்பம்.” உடனே நாலு தலைகள் அவள் தனியாக உட்கார்ந்திருந்த கடைசி வரிசைப் பக்கம் திரும்பின, நாலு முகத்திலும் அதே பாவம் பார்க்கிற பார்வை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் விழுந்ததிலிருந்து எட்டு மாதமாக இதே கதைதான். ஜெபக் குறிப்பில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். இவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை என்று பெனினாவுக்குத் தெரியும். முறை வைத்து வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. கோபமோ வந்துகொண்டே இருந்தது.

தேநீர் வேளையில் சாந்தினி அக்காவை ஓரமாகப் பிடித்தாள்.

“அக்கா, ஆகஸ்ட்டு எங்க டர்ன் இல்லையா?”

“ஐயோ, உனக்கு எதுக்கும்மா செரமம்? வேலைக்கும் போற, அவரையும் பாத்துக்கிற. நாங்க பாத்துக்கிறோம்லா. நீ வந்து சாப்பிடு, போதும்.”

முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். வந்து சாப்பிடு, போதும். வீடு சேரும்வரை அந்த வார்த்தை மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

ஜெலுத்தோங்கில் இருந்த தங்கள் ஃபிளாட்டில் செருப்பைக் கழற்றும்போதே தேவசகாயத்திடம் சொல்லிவிட்டாள். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. “நல்லதாப்... போச்சு” என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும் இப்போது.

“என்ன நல்லதாப் போச்சு?”

அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். வலது கை மடியில் கிடந்தது. “இதாலயா... சோறு போடுவேன்? ஜனத்துக்கு?”

அழுக்குக் கை என்று சின்ன வயதிலிருந்து தட்டித் தட்டி மடக்கி வைத்த கை அது. இந்த ஊரில் தமிழருக்கும் அப்படித்தான், மலாய்க்காரருக்கும் அப்படித்தான். கடையில் மீதிச் சில்லறையைக்கூட இடது கையால் நீட்டமாட்டார்கள். விழுந்த பிறகு அந்தக் கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார், ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான். சபையில் விருந்து நாளென்றால் தலை வலிக்கிறது என்று சொல்லி முன்னாலேயே கிளம்பிவிடுவார். எட்டு மாதமாக அவர் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மறுநாள் தான் வேலை பார்க்கும் டோபிக் கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஜெபித்தாள். கை வேலையில் இருக்கும்போதுதான் அவளுக்கு ஜெபம் நன்றாக வரும். இத்தனை மாதமும் ஒரே விண்ணப்பம்தான்: ஆண்டவரே, அந்தக் கையைத் திருப்பிக் கொடும். அன்றைக்கு அது விண்ணப்பமாக இல்லை, சண்டையாக இருந்தது. ‘எட்டு மாசமா ஒரே பாட்டப் பாடுறேன், உமக்குக் கேக்குதா இல்லையா? அவங்கதான் எங்கள ஓரத்துல உக்கார வெச்சிட்டாங்க. நீருமா?’ இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் கண்ணீர் தெரியாது என்ற தைரியத்தில் நன்றாகவே அழுதாள். யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டைக் காலரை மூன்று தடவை தேய்த்தாள்.

அழுகை அடங்கியபோது சண்டையும் அடங்கியிருந்தது. பதில் என்று எந்தக் குரலும் கேட்கவில்லை. பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்த்த பிறகு எதிரில் இருப்பவர் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தால் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதி வந்தது. கை வராவிட்டால் வராமலே போகட்டும், என் மனுஷன் இருக்கிறார், நானும் இருக்கிறேன் என்று தோன்றியது. அது அலுப்பில் வந்த எண்ணம் இல்லை. பல மாதம் கழித்து அவளுக்குப் பசித்தது. மதியம் முழு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும் தின்று முடித்துவிட்டு சாந்தினிக்கு ஃபோன் போட்டாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழம நாங்கதான் சமைக்கிறோம். சுகுமாரன் அண்ணன்கிட்ட நீங்க சொல்லிருங்க.”

“பெனினா, அவரால எப்படிம்மா...”

“அவரு சமைக்கிறாருக்கா. நான் கூட நிக்கிறேன்.”

அன்று இரவு அதைக் கேட்ட தேவசகாயம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ‘இதையும் நீரே பாத்துக்கும்’ என்று ஆண்டவர் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை சபைக் குசினியில் நாற்காலியைப் போட்டு அவரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். முதலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். வெங்காயத்தின் வாசம் மாறிய நேரத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை.

“வதங்கல.”

“வதங்கிருச்சுங்க.”

“வதங்கல. சும்மா... கிண்டாத. விடு.”

எத்தனை காலத்துக்குப் பிறகு திட்டு வாங்குகிறாள். ‘உமக்கு ஸ்தோத்திரம்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கோழியை எப்போது கொட்டுவது, மிளகுத்தூளை எப்போது தூவுவது என்று எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது. ஆராதனை தொடங்கும்போது பிரட்டலின் மணம் பிரசங்க மேடைவரை போயிருந்தது. போதகர் அன்றைக்குச் சீக்கிரமே முடித்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்னதுமே தேவசகாயம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். பெனினா வழியில் நின்றாள்.

“தல வலிக்குது.”

“வலிக்கட்டும். நம்ம டர்ன்ங்க.”

அவர் அவளையே பார்த்தார். அவள் விலகவில்லை. கடைசியில் வந்து மேசைக்குப் பின்னால், இடுப்பை அதன்மேல் சாய்த்துக்கொண்டு நின்றார். பெனினா ஊன்றுகோலை வாங்கி வைத்துவிட்டு இடது கையில் கரண்டியைக் கொடுத்தாள். அவள் சோற்றுக்கு, அவர் கோழிக்கு.

வரிசையில் முதல் ஆளாக வந்தவர் திருநாவுக்கரசு அண்ணன். ஞானஸ்நானம் எடுத்தபோதும் பெற்றவர் வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று நின்ற பிடிவாதக்காரர். பிள்ளைகள் இடது கையை நீட்டினால் பிஸ்கட் தரமாட்டார். வலது கை வரும்வரை டப்பாவை மூடியே வைத்திருப்பார். போயும் போயும் இவரா முதலில் வர வேண்டும் என்று பெனினா பதறினாள். அவர் தட்டில் சோற்றை வைத்தாள். தட்டு நகர்ந்து கோழிச் சட்டிக்கு எதிரே வந்து நின்றது.

கரண்டி அசையவில்லை. தேவசகாயத்தின் கண் சட்டியைவிட்டு எழும்பவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. ‘ஆண்டவரே’ என்றாள் பெனினா. அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. தன் கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கவாட்டில் தொங்கிய அவருடைய வலது கையை எடுத்து, மடங்கிக் கிடந்த விரல்களைப் பிரித்து, கரண்டியைப் பிடித்திருந்த இடது கையின் மேல் வைத்தாள். அது நிற்காமல் நழுவப் பார்த்தது. மறுபடி எடுத்து வைக்க அவள் குனிந்தாள். அதற்குள் அவரே இடது பெருவிரலைத் தூக்கி, அந்தச் செத்த விரல்களின் மேல் போட்டு அழுத்திக்கொண்டார்.

இரண்டு கையுமாகக் கரண்டி சட்டிக்குள் இறங்கி, நடுங்கி நடுங்கி மேலே வந்தது. பாதி மசாலா மேசை விரிப்பில் கொட்டியது. திருநாவுக்கரசு அண்ணன் தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்து இன்னும் கிட்டே கொண்டுபோனார். தட்டில் விழுந்த துண்டைக் குனிந்து பார்த்தார்.

“இது நெஞ்சுக்கறி தம்பி. எனக்குக் கால் துண்டுதான் வேணும்னு ஒனக்குத் தெரியாதா?”

“இருங்கண்ணே” என்றார் தேவசகாயம். ஒரே மூச்சில் வந்தது. பிறகு சட்டிக்குள் குனிந்து, இரண்டு கையாலும் மெதுவாகத் துழாவிக் கால் துண்டைத் தேட ஆரம்பித்தார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை.