முதல் பார்வையில் சொல்லக்கூடாதது

ஒருத்திக்குப் பிள்ளை தூக்கத் தெரியுமா, தெரியாதா என்பதைப் போனுக்குள்ளால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இரண்டு நாளாகப் பாலசுந்தரியின் மண்டைக்குள் இந்தக் கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றலாகி வரும் டொக்டர் ஒருவர், தன் கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். வட்ஸ்அப் வீடியோவில் கதைத்துத்தான் ஆளைத் தெரிவு செய்வாராம். வேலை கிடைத்தால் காலையில் பஸ் ஏறிப் பொழுதுபட முன் செட்டிபாளையத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம். கிடைக்காவிட்டால் குவைத்தில் இரண்டு வருச வீட்டுவேலைதான். பாஸ்போட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரன் கையில். மகள் சுதர்சனாவுக்கு ஏழு வயது. குவைத்துக்குப் போனால் இனி அவளை ஒன்பது வயதில்தான் பார்க்கலாம்.

வீடியோவில் எப்படிக் கதைப்பது என்று பயிற்சி கொடுக்க வந்தவள் முப்லிஹா. காத்தான்குடியிலிருந்து புடவைப் பொதியோடு ஊர் ஊராக விற்க வருகிறவள். அதற்கு முன் கட்டாரில் பிள்ளை பார்த்தவள். சுந்தரிக்கு அவள் ராத்தா, அக்கா மாதிரி. வந்தவுடன் பொதியைப் பிரித்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்தாள். சுவரில் தொங்கிய மீன்வலையை அதனால் மறைத்தாள்.

"ஏன் ராத்தா, வலைகாரன்ட பொண்டாட்டி பிள்ளை பாக்கமாட்டாளா?"

"பாப்பாள். ஆனா அவங்க உன்னைப் பாக்காம வலையைப் பாத்துக்கொண்டிருப்பாங்க."

பிறகு சுந்தரியின் புருசன் கட்டும் சாரமொன்றைச் சுருட்டிப் பிள்ளையாக்கி மடியில் வைத்தாள். கொழும்புக் குரலொன்றை வரவழைத்துக்கொண்டாள். "பிள்ளை அழுதா என்ன செய்வீங்க?"

"ஏன் அழுறான் எண்டு பாப்பன்."

"அப்பவும் அழுகை நிக்கல்ல."

"நானும் சேர்ந்து அழுவன்."

"இந்தக் கதையை அங்க கதைச்சியெண்டா நாளைக்கே குவைத் பிளைட்தான். இனி முக்கியமான விசயத்தைக் கேளு. பிள்ளையைக் காட்டினவுடனே, என்ன வடிவான பிள்ளை எண்டு சொல்லு. தாய்மாரு காட்டுறதே அதுக்குத்தான்."

"ஐயோ, கண்ணூறு பட்டிரும்," என்றாள் சுந்தரி. முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளையை வடிவென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவளுடைய ஆட்கள் மூக்குச் சப்பை, காது பெரிசு என்று எதையாவது சொல்லிவிட்டு நகர்வார்கள். நல்ல வார்த்தைதான் கண்ணூறாகப் போய் ஒட்டும்.

"அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கு," என்றாள் முப்லிஹா. "மாஷா அல்லாஹ் எண்டு சேர்த்துச் சொன்னாச் சரி. உங்களுக்கு அப்பிடி ஒண்ணும் இல்லையா?"

சுந்தரி யோசித்துப் பார்த்தாள். "துப்புறதுதான் இருக்கு."

"போனிலயா துப்பப்போறாய்?"

அழைப்பு வந்தது. முப்லிஹா கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள். டொக்டர் சர்மிலாவுக்கு முப்பது வயதிருக்கும். கண்ணில் தூக்கக் கலக்கம். அவருக்குப் பின்னால் கட்டி அடுக்கிய பெட்டிகள், ஒன்றின்மேல் குட்டிச் சப்பாத்து. தவழாத பிள்ளைக்கு எதற்குச் சப்பாத்து என்று சுந்தரி பார்த்துக்கொண்டேயிருந்ததில் முதற்கேள்வி தப்பிப்போனது. அடுத்தவற்றுக்குச் சாரப்பிள்ளையிடம் பழகிய பதில்களை ஒப்புவித்தாள். டொக்டர் தலையாட்டினாரே தவிர முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இவர்தான் ஆள்," என்று கடைசியில் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். கொழுகொழுவென்று, கன்னத்தில் குழி விழ, கமராவைப் பிடிக்கக் கைநீட்டினான்.

கதவோரத்தில் முப்லிஹா வாயசைத்தாள்: வடிவு, வடிவு.

"காது கொஞ்சம் பெரிசு," என்றாள் சுந்தரி.

டொக்டரின் முகம் மாறியது. "உங்களுக்குப் பிள்ளையள் பிடிக்காதோ?"

"பிடிக்கும் டொக்டர். பிடிக்கிறதாலதான். முதல் பாக்கக்குள்ள நல்லதாச் சொல்லப்படாது. கண்ணூறு."

"எனக்கு அதில நம்பிக்கை இல்லை. கறுப்புப் பொட்டு, சுத்திப்போடுறது, இதொண்டும் என்ர வீட்டில வேண்டாம்."

"உங்கட வீட்டில செய்யமாட்டன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முப்லிஹாவும் கையால் போதும் என்றுதான் காட்டினாள். டொக்டர் விடவில்லை. "வேற எங்க செய்வீங்கள்?"

பொய் சொன்னால் வேலை. உண்மை சொன்னால் குவைத்தாகவும் இருக்கலாம்.

"என்ட வீட்டில. பின்னேரம் வந்து, அவரை நினைச்சு உப்பு மிளகாய் சுத்தி அடுப்பில போடுவன். அதுக்கு நீங்க ஓம் எண்டும் சொல்லத் தேவையில்லை, வேண்டாமெண்டும் சொல்லத் தேவையில்லை."

"எனக்குத் தெரியாமலே செய்திருக்கலாமே. ஏன் சொல்லுறீங்கள்?"

"கேட்டீங்க. சொன்னன். உங்களுக்குத் தெரியாம நான் ஒண்டு செய்தா, பிறகு உங்கட பிள்ளையை எப்பிடி எனக்கிட்ட விட்டுட்டுப் போவீங்க?"

டொக்டர் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தட்டியபடி சுந்தரியையே பார்த்தார். இப்போது அவர் முகத்தில் இருந்தது கோபமா என்று சுந்தரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டார், "பிள்ளை பக்கத்தில இல்லாமல் அது வேலை செய்யுமோ?"

"செய்யும். பேரைச் சொல்லிச் சுத்தினாப் போதும்."

"பேரை நான் இன்னும் சொல்லேல்லையே," என்றார் டொக்டர். "ஆருத்ரன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாங்கோ."

முப்லிஹா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சுந்தரி அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அது பள்ளிக்கூடத்துப் பேர் டொக்டர். சுத்தக்குள்ள வீட்டுப் பேர்தான் சொல்லணும். வீட்டில என்னெண்டு கூப்பிடுறீங்க?"