எட்டாவது மஞ்சள் அட்டை

ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ட்ரெவர் ஹூக்ஸ்ட்ரா பந்தை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நின்றான். பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கவேண்டிய அவன், அதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வலது ஷூவின் லேஸை அவிழ்த்து நிதானமாகக் கட்டினான். பிறகு இடது ஷூவுக்குப் போனான். அவன் அணியான டொலிடோ இரண்டு கோல் முன்னால் இருந்ததால் அவசரமெல்லாம் எதிரணிக்குத்தான். அவர்கள் கையை விரித்துக் கத்தினார்கள்.

நடுவர் மூச்சிரைக்க வந்து நின்றார். இந்தக் கால்பந்து லீகில் பத்து வருடமாக விசில் ஊதுகிறவர், ட்ரெவரை நன்றாகத் தெரிந்தவர்.

“அந்த லேஸ் நல்லாத்தானே இருந்துச்சு?”

“வயசாயிடுச்சு சார். கை நடுங்குது.”

“கார்டு வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே. குனிஞ்சு நிமிந்து எதுக்கு இடுப்பக் கெடுத்துக்கற?”

“கேட்டா குடுக்க மாட்டீங்களே.”

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ட்ரெவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

அவன் போட்ட திட்டம் இதுதான். ஒரு சீசனில் எட்டு மஞ்சள் அட்டை சேர்ந்தால் அடுத்த ஆட்டம் ஒன்றில் ஆடத் தடை. அவனிடம் ஏற்கெனவே ஏழு இருந்தன. இன்னும் மிச்சம் இரண்டே ஆட்டங்கள். வரும் புதன்கிழமை ஓக்லஹோமாவில் டல்சாவோடு ஒன்று, அடுத்த சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஒன்று. டொலிடோ கோப்பைப் பக்கம் போகப்போவதில்லை என்பது ஆகஸ்ட்டிலேயே தெரிந்துவிட்டது. ட்ரெவருக்கு முப்பத்துநாலு வயது. கிளப் அவன் ஒப்பந்தத்தை நீட்டவில்லை, வேறு எங்கும் கேட்கவும் அவனுக்கு மனமில்லை. ஆகவே அந்தச் சனிக்கிழமையோடு சரி. அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் அவன் ஆடியாக வேண்டும். அம்மா வருகிறாள்.

ஏழோடு டல்சாவுக்குப் போய் அங்கே எட்டாவதை வாங்கினால் சனிக்கிழமை கைவிட்டுப் போகும். அதனால் எட்டாவதை இன்றைக்கே வாங்கிக்கொண்டு, தடையை டல்சா ஆட்டத்தில் கழித்துவிட வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் பலரும் செய்கிற வேலைதான்.

இதற்காக அவன் தன் நோட்டை மூன்று தடவை பார்த்திருந்தான். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிவைக்கிற நோட்டு அது. தேதி, எதிரணி, ஆடிய நிமிடங்கள், அட்டை. முதல் பக்கத்தில் முதல்தர லீக் கிளப் இருக்கும். இரண்டு வருடத்தில் பதினோரு ஆட்டங்கள், மொத்தம் இருநூற்று நாலு நிமிடங்கள். கான்சாஸில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோது போன் செய்து, இனி வரவேண்டாம் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் எல்லாம் இரண்டாம் தரம். சார்ல்ஸ்டன், ரிச்மண்ட், ஓமாஹா, கடைசி ஆறு வருடம் டொலிடோ. பதின்மூன்று வருடத்தில் ஒன்பது கோல்கள். அவன் வேலை கோல் போடுவதல்ல. நடுக்களத்தில், தன் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரணி வேகம் பிடிக்கும்போது அதைக் கெடுப்பது. அந்த வேலைக்குப் பெரும்பாலும் கிடைக்கிற கூலி மஞ்சள் அட்டைதான்.

திங்கட்கிழமை காலை, பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற தகர அறைக்கு லோர்னா அவனைக் கூப்பிட்டாள். கிளப்பில் விமான டிக்கெட், விசா காகிதம், கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள் கையில்.

“கண்ணு, டல்சாவுக்கு உனக்கு ஜன்னல் சீட்டா, ஓர சீட்டா?”

“நான் வரலயே லோர்னா. எட்டு கார்டு ஆயிடுச்சு.”

“ஏழு.”

“எட்டு. சனிக்கிழமை வாங்கினதோட எட்டு.”

“சனிக்கிழமை வாங்கினதோடதான் ஏழு.” அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒரு தாளை உருவினாள். “ஆகஸ்ட்டுல லெட்டர் வந்துச்சு, உனக்கும் அனுப்பினேன். தொடர்ந்து அஞ்சு ஆட்டம் கார்டு வாங்காம ஆடினா ஒண்ணு கழிச்சுருவாங்க. நன்னடத்தைக்கு.”

“நன்னடத்தையா? எனக்கா?”

“நானும் பேரு மாறி வந்துருச்சோன்னு ரெண்டு தடவ படிச்சேன். ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு இருந்தேன்.”

ட்ரெவர் தாளை வாங்கிப் பார்த்தான். அப்படி ஒரு விதி இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் பதின்மூன்று வருடத்தில் அது அவன் பக்கம் வந்ததே இல்லை, ஏனென்றால் அவன் அட்டை வாங்காமல் ஐந்து ஆட்டம் தாண்டியதே இல்லை. இந்தக் கோடையில் தொடைச் சதை பிடித்துக்கொண்டதால் ஐந்து ஆட்டங்களில் அவனைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் இறக்கினார்கள். ஒருவனைப் பிடித்து இழுக்கக்கூட நேரமிருக்கவில்லை. அவன் நோட்டில் அட்டைகளைக் கூட்டத்தான் இடமிருந்தது, கழிக்க இடம் வைத்திருக்கவில்லை. தடையை வாங்கிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, சும்மா இருந்த ஆறை ஏழாக்கி வைத்திருந்தான்.

“லேஸ் கட்டினியாமே,” என்றாள் லோர்னா. “வீடியோ பாத்தேன். ரெண்டாவது காலுக்குப் போனதுதான் ரசிக்கும்படியா இருந்துச்சு.”

அவன் பயிற்சியாளர் ஹாலிஸிடம் போனான். டல்சாவுக்குத் தன்னை விட்டுவிட்டுப் போகமுடியுமா என்று கேட்டான்.

“உன் எடத்துல ஆட டியோ ஒருத்தன்தான் இருக்கான். அவன இருபது வயசுக்குக் கீழ தேசிய அணி முகாமுக்குக் கூப்பிட்டுட்டுப் போயிருக்காங்க, வியாழக்கிழமைதான் வருவான். நான் என்ன, லோர்னாவையா எறக்கறது?”

“அவங்க என்னவிட வேகமா ஓடுவாங்க கோச்.”

ஹாலிஸ் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே, “அறுபது நிமிஷம் ஆடு. யாரையும் தொடாத. அதுக்கப்புறம் வெளிய எடுத்துடறேன்,” என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்பது ட்ரெவருக்கும் புரிந்தது.

அன்று மாலை இபு மீனும் சோறும் சமைத்துக்கொண்டிருந்தான். இபு டியாட்டா செனகல்காரன், அணியின் கோல்கீப்பர். கிளப் கொடுத்த வீட்டில் இரண்டு வருடமாக இருவரும்தான். ஃப்ரிட்ஜ் கதவில் எலுமிச்சம்பழ வடிவில் ஒன்பது காந்தங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கோல் வாங்காமல் ஒரு ஆட்டம் முடித்தால் ஒரு காந்தம். பத்து ஆனால் அவன் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும், ஒப்பந்தத்தோடு விசாவும். இல்லாவிட்டால் டிசம்பரில் பெட்டி கட்ட வேண்டும். சனிக்கிழமை வருகிற அணி இந்த சீசனில் கோல் போடாமல் ஒரு ஆட்டமும் முடித்ததில்லை.

ட்ரெவர் நடந்ததைச் சொன்னான். இபு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பில் சாய்ந்து சிரித்தான்.

“பெரிசு, பதிமூணு வருஷம் ரவுடியா இருந்துட்டு, நல்ல பேர் வாங்கிக் கெட்டுப்போன முதல் ஆள் நீதான்.”

“சிரி, சிரி.”

“நான் ஒண்ணு சொல்றேன் கேளு. புதன்கிழமை எனக்கு முன்னாடி நிக்காத. ஓரமா நின்னு வேடிக்க பாரு. உங்கம்மா எத்தன மணிக்குக் கெளம்பறாங்க?”

“காலைல ஆறுக்கு.”

“அப்ப கைய பாக்கெட்ல வெச்சுட்டு ஆடு.”

“டவுசர்ல பாக்கெட் இல்லடா.”

தட்டில் சோறு போடும்போது இபுவின் கண் ஒருதரம் ஃப்ரிட்ஜ் பக்கம் போய் வந்தது.

டல்சாவில் ட்ரெவர் இபு சொன்னபடிதான் ஆடினான். எதிரி பந்தோடு வந்தால் ஒரு கஜம் தள்ளியே ஓடினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முப்பதாவது நிமிடத்தில் டொலிடோ ஒரு கோல் போட்டது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் வலது தடுப்பாட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், இரண்டு நிமிடம் கழித்து இன்னொருவன் நொண்டினான். மாற்று ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். ஹாலிஸ் ஓரத்தில் நின்று ட்ரெவரைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில், டொலிடோ எடுத்த கார்னரில் பந்து வெட்டுப்பட்டு வெளியே வந்தது. டல்சாவின் இளம் முன்கள ஆட்டக்காரன் அதை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். எதிரே டொலிடோவின் தடுப்பாட்டக்காரர்கள் இருவர், அவர்களுக்குப் பின்னால் இபு. நடுக்கோட்டில் ட்ரெவர் மட்டும்.

அவன் யோசித்தான் என்று சொல்ல முடியாது. அம்மா கிராண்ட் ராப்பிட்ஸில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், சனிக்கிழமை காலை வண்டி எடுக்கப் போகிறாள் என்பது ஞாபகம் வந்தது. எலுமிச்சம்பழங்களும் ஞாபகம் வந்தன. அந்தப் பையன் அவனைக் கடந்து ஒரு அடி போய்விட்டான். அடுத்த அடிக்குள் ட்ரெவரின் கை நீண்டு சட்டையைப் பிடித்துவிட்டது. இருவரும் புல்லில் உருண்டார்கள்.

நடுவர் வருவதற்குள் அவனே எழுந்து, பையனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகைத் தட்டினான். அட்டை உயர்ந்தது. இதுதான் உண்மையான எட்டு.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று டொலிடோ ஜெயித்தது, இபுவுக்குப் பத்தாவது காந்தம். விசில் ஊதியதும் இபு கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தான்.

“லூசு,” என்றான்.

“ஆமா.”

“நான் பிடிச்சிருப்பேன்.”

“பிடிச்சிருப்பதான்.”

“மூணு பேர் வந்தாலும் பிடிச்சிருப்பேன்.” சொல்லிவிட்டு அவன் தலையை ட்ரெவரின் தோளில் இடித்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன் ட்ரெவர் அம்மாவைக் கூப்பிட்டான்.

“அம்மா, சனிக்கிழமை நான் ஆடல.”

மார்லா ஹூக்ஸ்ட்ரா உடனே கேட்டாள், “காலா?”

“கார்டு.”

“எவனயாவது அடிச்சியா?”

“சட்டையப் பிடிச்சேன்.”

“கிழிஞ்சுதா?”

“இல்லம்மா.”

“சரி. நான் வரேன். டிக்கெட் எடுத்தாச்சு, வண்டிக்கு எண்ணெயும் போட்டாச்சு. நீ எங்க இருப்ப?”

தடை விதிக்கப்பட்டவன் அணியோடு உட்காரக்கூடாது. லோர்னா அவனுக்கு அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஒரு இருக்கை போட்டுக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அவன் ஜீன்ஸில் மைதானத்துக்குள் போய், கிளப் விடைகொடுக்கும் பரிசாகக் கண்ணாடிச் சட்டத்தில் போட்ட தன் ஆட்டச் சட்டையை வாங்கிக்கொண்டான். பின்னால் அதே அளவுக் கண்ணாடியில், நன்னடத்தைக் கடிதத்தை லோர்னா எடுத்துவந்தாள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவன் இரண்டையும் தூக்கிக்கொண்டு படியேறி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் இடத்தில் டியோ ஆடினான்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆறு வயதிலிருந்து இருபத்தெட்டு வருடம் அம்மா அவன் ஆட்டத்துக்கு வருகிறாள். மழையில், மடக்கு நாற்காலியில், பஸ் வேலை இல்லாத நாளெல்லாம். ஆனால் அவளும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்ததே இல்லை.

பத்து நிமிடம் கழித்து அவள் கேட்டாள். “அந்த ஆளு எதுக்குக் கொடியத் தூக்கறான்?”

“ஆஃப்சைட்மா.”

“அப்படின்னா?”

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கேலி செய்யவில்லை.

“உனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா வர்ற.”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் உன்னத்தானே பாத்துட்டு இருந்தேன். பந்து உங்கிட்ட வந்தா பாப்பேன். போனா விட்டுருவேன்.” அவள் அவன் மடியிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “பந்து எங்கெங்க போவுதுன்னு இன்னிக்குதான் பாக்கறேன். ரொம்ப சுத்துது.”

அவன் தன் தொடைமேல் நாலு வறுவல்களை வரிசையாக வைத்து ஆஃப்சைடை விளக்க ஆரம்பித்தான். அவள் அதைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்தாள்.

“அங்க ஏன் ஆள் இல்ல?”

“எங்க?”

தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் இருந்த வெற்றுப் புல்லை அவள் விரலால் காட்டினாள். டியோ பந்தைத் துரத்திக்கொண்டு முன்னால் போயிருந்தான். “அங்க. இப்படி எல்லாரும் முன்னாடி ஓடினா நீ அங்கதான் நிப்ப.”

ட்ரெவர் பதில் சொல்வதற்குள் எதிரணி பந்தைப் பறித்து, அவள் காட்டிய அதே புல் வழியாக நாலு உதையில் வந்து கோல் போட்டது. இபு வலையிலிருந்து பந்தை எடுத்து, அவர்கள் இருந்த பக்கம் பார்த்துக் கையை விரித்தான்.

“நான் சொன்னேனா இல்லியா?” என்றாள் மார்லா.

“சொன்னம்மா.”

“இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“அறுபத்தெட்டு நிமிஷம்.”

அவள் கோட்டை முழங்கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் தொடையிலிருந்த வறுவல்களைக் குனிந்து பார்த்தாள்.

“சரி, மொதல்லேர்ந்து சொல்லு. இதுல நீ எது?”