ஒரு ராத்திரி தூரம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் யாரும் தூரத்தை மைலில் சொல்வதில்லை. கிள்ளான் என்றால் இரண்டு தரம் வெற்றிலை போடும் நேரம். பினாங்கு ஒரு பகல். சிங்கப்பூர் ஒரு ராத்திரி. உர்சுலாவுக்குத் தெரிந்த உலகப்படம் அதுதான்.

அன்று காலை அவள் அப்பா கொர்னேலியஸ், ரயில் கார்டு, சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "உன் அண்ணனுக்குச் சிங்கப்பூருக்குத் தந்தி அடிச்சிட்டேன். அம்புரோஸ் வந்து பேசிக்குவான். அதுவரைக்கும் நீ வாசல் தாண்டக் கூடாது."

அவருக்குக் கோபம் வந்தால் கை ஓங்கமாட்டார், மகனை வரவழைப்பார். போன கிறிஸ்துமஸில் உர்சுலாவைப் பார்த்துச் சீட்டியடித்தவனின் விரல்களை அம்புரோஸ் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். அவன் இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறான். இப்போது விஷயம் சீட்டி அல்ல. பட்டறை ஃபிட்டர் வாசுவை, ஓர் இந்துப் பையனை, கட்டிக்கொள்வேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

காவலுக்கு வைக்கப்பட்டவள் பக்கத்து வீட்டு ஜோசஃபின். கொர்னேலியஸின் தலை மறைந்ததும் அவள் கணக்குப் போட்டாள்.

"சிங்கப்பூர்ல காலை வண்டி கெளம்பியிருக்கும். இனி ராத்திரி மெயில்தான். ஒங்கண்ணன் றெக்கை கட்டிக்கிட்டா வருவான்? நீ சாயங்காலம் வாசுவோட கிள்ளான் துறைமுக வண்டியில ஏறு. அவன் இங்க எறங்கறதுக்குள்ள ஒங்க கப்பல் கடலுக்குப் போயிருக்கும் லா."

"அப்பா உங்களத்தானே கேப்பாரு, அக்கா?"

"கக்கூசுக்குப் போனா, திரும்பலன்னு சொல்றேன். அதுக்கு மேல என்ன கேப்பாரு?"

உர்சுலா வாயைப் பொத்திச் சிரித்தாள். வாசுவுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று.

மதியம் சாய்கையில் வானம் உறுமியது. கொடியில் காய்ந்த சேலை நடுங்கியது. கூரைக் காக்கைகள் ஒன்றாகக் கிளம்பின. பிள்ளைகள் "ஏரோப்ளேன்! ஏரோப்ளேன்!" என்று ஓடினார்கள். சிங்கப்பூர் விமானம், துரைமாரும் தவுக்கேக்களும், அதாவது சீன முதலாளிகளும், போவது. ரயிலில் இலவசப் பாஸ் உள்ள அந்த வீடுகளில் யாரும் அதை ஒரு வண்டியாகவே நினைத்ததில்லை. உர்சுலாவும் வாசலுக்கு வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து கையசைத்தாள். அது தாழ்ந்து சுங்கை பீசி விமானத் திடல் பக்கம் மறைந்தது. உறுமல் மட்டும் நெஞ்சுக்கூட்டில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

சாயங்காலம் துணிமூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனாள். சொன்னபடி கடைசி பெஞ்சில் வாசு. பக்கத்தில் இன்னொருவன், தோளில் கை போட்டபடி. பட்டறைக் கூட்டாளி என்று நினைத்து நெருங்கினாள். பிறகு அந்தப் பிடரியை அடையாளம் கண்டாள்.

தெற்குத் தண்டவாளத்தைப் பார்த்தாள். வெறிச்சோடிக் கிடந்தது. எந்த வண்டியும் வந்திருக்கவில்லை.

அம்புரோஸ் திரும்பிச் சிரித்தான். அவன் எப்போதும் கட்டும் தங்கக் கடிகாரம் இல்லை; மணிக்கட்டில் அதன் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

"வா, தங்கச்சி. கடிகாரம் டிக்கெட்டுக்குப் போனா என்ன, ரெண்டு மணி நேரம்கூட ஆகல. மேலேருந்து நம்ம லைன் வீடு தெரிஞ்சுது. வாசல்ல யாரோ கை ஆட்டினாங்க. நீதானா? சரி, ஒன்ன அப்புறம் பாத்துக்கலாம்னு, மொதல்ல மாப்பிள்ளையப் பாக்கப் பட்டறைக்குப் போனேன். எந்த பெஞ்சுன்னு அவனே சொன்னான்."

வாசு நிமிரவில்லை. அவனுடைய வலது கை அம்புரோஸின் பிடிக்குள் இருந்தது.

கிள்ளான் வண்டி வந்து நின்றது. பெட்டிக் கதவொன்று அவர்களுக்கு நேரே திறந்தது. அம்புரோஸ் வாசுவின் கையை விடாமல் எழுந்தான்.

"எந்திரி, மாப்பிள்ளை. கதவு வரைக்கும் போவோம்."

உர்சுலாவின் மூட்டை கீழே விழுந்தது. "நான் வீட்டுக்கு வரேன், அண்ணே. அவரு கைய விட்டுடு."

"வருவே. வராம எங்க போவே?" என்ற அம்புரோஸ், மறு கையால் கதவின் கைப்பிடியைப் பற்றினான்.