மாப்பிள்ளை வேலை செய்யும் இடம்

"வேட்டி அலோ கிடையாது சார். செருப்பும் கிடையாது. ரூல்ஸ் சார் இது" என்றான் வாசலில் நின்ற கறுப்புக் கோட்டுக்காரன், இரண்டாவது முறையாக.

சக்கரவர்த்தியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. திருவண்ணாமலையில் முப்பத்திரண்டு வருடமாக மல்லாட்டை மண்டி நடத்துகிறவர் அவர்; வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கலெக்டர் ஆபீசுக்கும் இந்த வேட்டியோடுதான் போவார். கல்யாணம், கருமாதி, பஞ்சாயத்து எதற்கும் இதுதான். அதைக் கட்டிக்கொண்டு வந்தவரை உள்ளே விடமாட்டேன் என்று மெட்ராசில், ஒரு ஓட்டலின் மூன்றாவது மாடியில், காதில் கடுக்கன் போட்ட ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"நான் வேணா கீழ போயி உங்களுக்கு ஒரு பேண்ட் வாங்கியாரட்டுமா மாமா?" என்று கேட்டான் கண்ணாயிரம்.

"நீயே போட்டுக்க."

"நான் போட்டுனுதான வந்திருக்கேன்."

கண்ணாயிரம் அவருடைய தம்பி மனைவியோடு கூடப்பிறந்தவன். தம்பி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தம்பி மகள் தென்றலை வளர்த்துப் படிக்க வைத்தவர் பெரியப்பா சக்கரவர்த்திதான். அவளுக்கு இப்போது ஒரு இடம் கூடி வந்திருந்தது. கூடி வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. மெட்ராசில் படிக்கும்போது அவளே பார்த்துக்கொண்ட இடம். பையன் பெயர் மாறன். அவனுடைய அப்பா ராமதாஸ் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குடும்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையனுக்கு என்ன வேலை என்று கேட்டபோதுதான், "பாட்டு சம்பந்தமான வேலைங்க, பெரிய ஓட்டல்ல" என்று ராமதாஸ் ஒரு மாதிரியாக இழுத்தார்.

அந்த இழுப்புதான் சக்கரவர்த்தியை பஸ் ஏற்றியது. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் அவர் குடும்பத்தில் யாரும் பெண் கொடுத்ததில்லை. தென்றல் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "நீங்களே போய்ப் பாருங்க பெரியப்பா. பார்த்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா அதோட விட்டுடறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதா இல்லையா என்பது அவருடைய ஒரே வார்த்தையில் நின்றது. அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே போகாமல் திரும்பினால் பார்த்துவிட்டுச் சொன்னதாக ஆகாது.

மாறன் ஓடி வந்தான். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கும்பிட்டான். "மன்னிச்சுக்கங்க ஐயா. நீங்க வரீங்கன்னு அப்பா இப்பதான் போன் பண்ணாரு." மாமா என்று அழைக்காமல் ஐயா என்று அவன் அளந்து பேசியதைச் சக்கரவர்த்தி கவனித்தார். கோட்டுக்காரனிடம் அவன் கெஞ்சினான், மேனேஜரிடம் கெஞ்சினான். கடைசியில் முன்வாசல் முடியாது, சமையற்கட்டு வழியாக வரலாம் என்று ஆயிற்று.

இழவு வீட்டுக்குக்கூடப் புழக்கடை வழியாகப் போகாதவர், எச்சில் தட்டு கழுவும் இடத்தைத் தாண்டி, ஈரத்தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். கண்ணாயிரம் பின்னாலேயே வந்தான், அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்தபடி.

உள்ளே இருட்டு. சத்தம் காதுக்குப் போகவில்லை, நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உதைத்தது. உட்காரச் சொன்ன சோபா முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்ததும் இரண்டு முழங்காலும் முகத்துக்கு நேராக வந்தன. மேலே ஊதா நிறத்தில் ஏதோ விளக்கு. அந்த வெளிச்சத்தில், நீலம் போட்டு வெளுத்த அவருடைய வேட்டியும் சட்டையும் பளீரென்று எரிந்தன. அந்த அறையில் வேறு எதுவும் அப்படி எரியவில்லை.

"மாமா, ட்யூப்லைட்டு மாதிரி இருக்கீங்க" என்று காதில் கத்தினான் கண்ணாயிரம்.

ஆடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில், அரையிலிருந்து நழுவும் கால்சட்டையோடு ஒருவன் மைக்கைக் கடிப்பது போலப் பிடித்து, பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"யாரைத் திட்டறான் அவன்?"

"திட்டல மாமா, பாடறான். ஹிப் ஹாப்னு பேராம். தாளத்துக்குப் பேசினாலே பாட்டாம்."

"அப்ப மார்க்கெட் கமிட்டியில ஏலம் கூவறவனும் பாகவதர்தான்."

இதைச் சொல்வதற்கே அவர் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. ஊரில் அவர் தொண்டையைச் செருமினால் பஞ்சாயத்து அடங்கும். இங்கே அவர் அடிவயிற்றிலிருந்து எடுத்த குரல் எதிரே இருந்த மேஜையைத் தாண்டவில்லை. மாறன் மேடையில் ஒரு பெட்டிக்குப் பின்னால் நின்று, ஒரு காதில் கருவியை அழுத்திக்கொண்டு, இரண்டு வட்டத் தட்டுகளை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தான். இடையில் இரண்டு முறை இறங்கி ஓடி வந்தான். இரண்டு முறையும் சக்கரவர்த்தி, "இதுதான் வேலையா? சாகற வரைக்கும் இதையே செய்வியா?" என்று கேட்டார். இரண்டு முறையும் அவன், "என்னங்கய்யா? என்னங்கய்யா?" என்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, பாட்டு முடியப்போவதைக் கண்டு மேடைக்கு ஓடினான். மூன்றாவது முறை கேட்க அவருக்குக் குரல் இல்லை. கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், கேட்கவே விடமாட்டேன் என்கிறார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

பரிமாறுகிறவன் மாறன் கணக்கில் ஜூஸ் கொண்டுவந்தான், தண்ணீர் கொண்டுவந்தான், கோழித் துண்டு கொண்டுவந்தான். எல்லாவற்றையும் சக்கரவர்த்தி கையசைத்துத் திருப்பி அனுப்பினார். கண்ணாயிரத்தின் கை நீண்டபோது அதன்மேல் ஒரு தட்டு தட்டினார். சம்பந்தம் முடிவாவதற்கு முன்னால் பெண் வீட்டார் பிள்ளை வீட்டார் தயவில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"தண்ணி கூடவா மாமா?"

"எச்சில முழுங்கு."

அப்போது பாட்டு நின்றது. இடைவேளை போலிருந்தது. காதுக்குள் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் வறுத்த மல்லாட்டை இருந்தது. சக்கரவர்த்தி என்ன செய்கிறோம் என்று நினைக்கவில்லை. மண்டிக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் போகிற கை, அது பாட்டுக்குப் போனது. ஒன்றை எடுத்தது, விரலால் தோலை நிமிண்டியது, இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதியை வாயில் போட்டது. அவர் மென்று பார்த்தார்.

"போன வருசத்துச் சரக்கு. காறல் அடிக்குது" என்றார் தேய்ந்த குரலில்.

கண்ணாயிரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா" என்றான் மெதுவாக. "முழுங்கிட்டீங்களா?"

முழுங்கியிருந்தார்.

"பரவால்ல விடுங்க. இருட்டுல யார் பார்த்தா?"

மாறன் பார்த்திருந்தான். மேடையிலிருந்து இறங்கி வந்து, சோபாவுக்குப் பக்கத்தில் தொப்பியோடு நின்றிருந்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரில் வேணு என்பவன், பிள்ளை வீட்டில் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு, பிறகு பெண் தர மாட்டேன் என்று பின்வாங்கினான். பஞ்சாயத்து சக்கரவர்த்தியிடம் வந்தது. "வாயில பட்டா பட்டதுதான். மோரா இருந்தா என்ன, விருந்தா இருந்தா என்ன?" என்று தீர்ப்புச் சொன்னார். வேணு பெண்ணைக் கொடுத்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

மாறன் அவர்களைப் பணியாட்கள் ஏறி இறங்கும் மாடிப்படிக்கு அழைத்துப் போனான். அங்கே பேசினால் கேட்டது.

"ஐயா, நான் எதையும் பார்க்கல" என்றான். "அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இந்த எடம் புடிக்கலைன்னு தெரியுது. எங்க அப்பாவுக்கே புடிக்கல. அவரு வேலையச் சொல்லாம மறைச்சது தப்பு. நீங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க. அந்தக் கொட்டையைக் கணக்குல எடுத்துக்க வேணாம்."

கண்ணாயிரம், "தங்கமான பையன் மாமா. விட்டுட்டான் பாருங்க" என்றான்.

விட்டுவிட்டான். அதுதான் சக்கரவர்த்தியைச் சுட்டது. வேட்டியைப் பார்த்து வாசலில் மறித்ததைப் பொறுத்தார், சமையற்கட்டு வழியாக வந்ததைப் பொறுத்தார். தட்டு தேய்க்கிற ஒரு பையன் தனக்குச் சலுகை கொடுப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. இந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால், பிறகு கீழ்பென்னாத்தூரில் வேணு வீட்டு வழியாக எப்படி நடப்பது? ஊருக்குத் தெரியாது, சரி. இவனுக்குத் தெரியுமே. இவன் யாரிடமும் சொல்லாமலே இருப்பான். அது இன்னும் கேவலம்.

"நீ யார்ரா விடறதுக்கு?" என்றார். குரல் பாதிதான் வந்தது. "என் வாயில பட்டதுக்கு நீ கணக்கு சொல்லுவியா? பட்டா பட்டதுதான்."

மாறனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. காலில் விழக் குனிந்தான்.

"எழுந்திரு. எனக்கு இந்த எடம் புடிக்கல. உன் தொப்பியும் புடிக்கல. நாளைக்கே புடிச்சிரும்னும் நெனைக்காத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கோயம்பேட்டில் விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கண்ணாயிரத்தின் செல்லை வாங்கி வீட்டுக்குப் போட்டார். முதல் மணியிலேயே தென்றல் எடுத்தாள். தூங்கவே இல்லை போலிருந்தது. அவர் பேசினார். காற்றுதான் வந்தது. இரவெல்லாம் கத்திய தொண்டை முழுக்க அடைத்துக் கிடந்தது.

"யாரு? பெரியப்பாவா?" என்றாள் அவள். அவளுக்கு அந்தக் காற்று மட்டும் கேட்டது. பிறகு, "சரி பெரியப்பா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது. நான்தான் சொன்னேனே, விட்டுடறேன்னு" என்றாள். குரல் உடையாமல் பிடித்துக்கொண்டு பேசினாள். இவர் வீட்டுப் பெண்தானே.

சக்கரவர்த்தி இன்னொரு முறை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர வார்த்தை வரவில்லை. தம் குடும்பத்தின் வார்த்தையைத் தம் வாயால் சொல்ல முடியாத ஒரு காலை இது. ஆத்திரத்தோடு செல்லைக் கண்ணாயிரத்தின் நெஞ்சில் இடித்தார்.

"என்ன சொல்லணும் மாமா?"

அவர் முறைத்தார். இரண்டு கையையும் ஏந்தி, தட்டு மாற்றுவது போலக் காட்டினார்.

கண்ணாயிரம் செல்லைக் காதில் வைத்தான். "ஏம்மா, அழாத. வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறோம். பெரியப்பா சொல்லச் சொல்றாரு." அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். கண்ணாயிரம் சக்கரவர்த்தியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இல்லம்மா. கோவமாத்தான் இருக்காரு. ஆனா சொல்லச் சொல்றாரு."