ஹலீமா தண்ணீரில் இறங்கிய நாள்

குவைத் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த அப்துல் மஜீதுக்கு மனத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. வீடு கட்டியாகிவிட்டது. மகள் பர்வின் திருச்சியில் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போகிறாள். மகன் ஜாஃபர் சாதிக் பிளஸ் ஒன். தாராசுரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு எலெக்ட்ரிகல் கடையும் போட்டாகிவிட்டது. இனி குடும்பத்தோடு ஒரு தடவை கடலுக்குப் போக வேண்டும். கடல் என்றால் நாகூரில் நின்று காலை நனைத்துக்கொண்டு திரும்புவதல்ல. ஒரு தீவு, அங்கே படகு, தண்ணீருக்குள் தலையை விட்டு மீன் பார்ப்பது, எல்லாமும்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கடற்கரைச் சாலையில் போய் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். எதிரே தண்ணீரில் குடும்பம் குடும்பமாக விளையாடிக்கொண்டிருப்பார்கள். தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலைக்குள் போவார்கள். காற்றடித்த ரப்பர் படகில் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டே போவார்கள். மஜீது வேர்க்கடலையைக் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். இருட்டியதும் அறைக்குப் போய் மனைவி ஹலீமாவுக்குப் போன் போடுவார். எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க சாப்டீங்களா என்று அவள் கேட்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆகவே அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் என்று அவர் அறிவித்தபோது ஹலீமாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"அவ்வளவு தூரம் எதுக்குங்க? படகுல போகணும்னா முத்துப்பேட்டைக்குப் போனா ஆச்சு."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் ஹலீமா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். நீ வந்து உக்காந்தா போதும்."

சொன்னபடியே விமானம், கப்பல், தங்கும் விடுதி, எந்த நாளில் எந்த விளையாட்டு என்று ஒன்று விடாமல் அவரே ஏற்பாடு செய்தார். ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் கடையின் பின்கட்டில் வளர்ந்தவர். காவிரி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அவருடைய அத்தா பிள்ளைகளை ஆற்றுப் பக்கமே விடமாட்டார். அதனால் வந்த தண்ணீர்ப் பயம் வயதோடு போய்விடும் என்று நினைத்தார். போகவில்லை. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், அப்புறம் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் இறங்கிய மறுநாள், அடியில் கண்ணாடி பதித்த படகில் நால்வரும் ஏறினார்கள். பவளப்பாறைகளுக்கு மேலே படகு மெல்லப் போயிற்று. மஞ்சளும் ஊதாவுமாய் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. ஹலீமா குனிந்தவள் நிமிரவேயில்லை. "சுபஹானல்லாஹ்" என்று ஒவ்வொரு மீனுக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தே மஜீதுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மதியம் பிள்ளைகள் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். ஹலீமா மணலில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பர்வின் அவளுக்காக உடம்பு முழுவதும் மறைக்கிற நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கி வந்திருந்தாள். தலைக்கும் சேர்த்தே தைத்தது. அது பையைவிட்டு வெளியே வரவில்லை.

"வாம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள் பர்வின்.

"நீங்க போங்க. நான் பாத்துட்டிருக்கேன்."

பாவம், தண்ணீரென்றால் இவளுக்கும் பயம் போல என்று மஜீது நினைத்துக்கொண்டார். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. "உங்கம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது" என்று சொல்லிவிட்டு அவரும் பையின் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் இளநீர் குடித்தபடி கடலைப் பார்த்தார்கள். அவள் மட்டும் அலை வந்து தொடும் தூரத்துக்குக் காலை நீட்டிக்கொண்டே போனாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் கயாக். இருவர் உட்காரும் ஒடுக்கமான துடுப்புப் படகு. அலையாத்திக் காட்டுக்குள் நுழையும் கழிமுகத்தில் ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். வழிகாட்டியாக வந்தவர் கண்ணுசாமி என்ற தமிழர், அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகள் ஒரு படகில் ஏறினார்கள், மஜீதும் ஹலீமாவும் ஒன்றில். பர்வினின் பிடிவாதத்தால் அன்று அந்த உடுப்பை ஹலீமா போட்டிருந்தாள். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிவிட்டு, "எல்லா வாரையும் இறுக்கிக்குங்க" என்றார் கண்ணுசாமி. தொப்பையை அழுத்துகிறது என்று மஜீது கரைதாண்டியதும் கீழ் வாரை அவிழ்த்துவிட்டார்.

காடு அழகாக இருந்தது. வேர்கள் தண்ணீருக்குள் விரல் ஊன்றி நின்றன. பிள்ளைகளும் கண்ணுசாமியும் ஒரு வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். மஜீது முன்னால் உட்கார்ந்து, குவைத்தில் பார்த்த தகப்பன்களை நினைத்துக்கொண்டே பெருமையாகத் துடுப்புப் போட்டார். அப்போது திறந்த பக்கத்தில் எங்கோ ஒரு விசைப்படகு போயிற்று. படகு கண்ணுக்குத் தெரியவில்லை. அது கிளப்பிய அலை மட்டும் புரண்டு வந்தது. பெரிய அலைகூட இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றிருக்கும். மஜீது பயந்து எழுந்துவிட்டார்.

படகு கவிழ்ந்தது.

உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. கீழே தரை இல்லை. லைஃப் ஜாக்கெட் அவிழ்ந்த வாரோடு மேலே எழும்பி அவர் முகத்தை மூடிக்கொண்டது. கையையும் காலையும் போட்டு அடித்தார். அடிக்க அடிக்க மூச்சு போயிற்று. முதல் நினைவு ஹலீமா. அவளைத் தண்ணீரில் கொண்டுவந்து தள்ளிவிட்டோமே என்ற நினைவு. அடுத்த நினைவு வருவதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவருடைய ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பற்றி மேலே இழுத்தது.

"அடிக்காதீங்க. கையைத் தளர விடுங்க. என்னைப் பிடிக்க வேணாம், நான் பிடிச்சிருக்கேன்."

ஹலீமாவின் குரல். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பாளே, அதே நிதானம்.

"அண்ணாந்து பாருங்க. வானத்தைப் பாருங்க. காலை உதறாதீங்க, தானா மேல வரும்."

அவர் வானத்தைப் பார்த்தார். கிளைகளுக்கு நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. முதுகுக்கு அடியில் அவள் உள்ளங்கை இருந்தது. கால்கள் தாமாக மேலே வந்தன. இருமிக்கொண்டே மூச்சு விட்டார். அவள் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையாலும் கால்களாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கவிழ்ந்து கிடந்த படகின் பக்கம் கொண்டுபோனாள். அவர் கையை எடுத்து அதன் விளிம்பில் வைத்தாள்.

"இதைப் பிடிச்சுக்குங்க. இனிமே ஒண்ணும் இல்ல."

சத்தம் கேட்டுக் கண்ணுசாமி வேகமாகத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தபோது, அங்கே அவருக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை. படகை நிமிர்த்தி இருவரையும் ஏற்றினார். "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார்.

"திருக்காட்டுப்பள்ளி" என்றாள் ஹலீமா. பிறந்த ஊரைத்தான் சொன்னாள்.

மஜீது துண்டைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். ஜாஃபர் சூடாக டீ வாங்கி வந்து கொடுத்தான். பர்வின் அப்பாவின் தலையைத் துவட்டிவிட்டாள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடியே குடமுருட்டி ஆறு. நாங்க அக்கா தங்கச்சி எல்லாரும் அதுலதான் கிடப்போம். கல்யாணம் ஆகி வந்தப்புறம், பொம்பளை இப்படி நீந்துறான்னா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு... அப்படியே விட்டுட்டேன். நேத்து மணல்ல உக்காந்திருந்தப்ப எறங்கணும்னு காலெல்லாம் துறுதுறுன்னு இருந்துச்சு."

அவளுக்குப் பயம் என்றல்லவா மஜீது நினைத்திருந்தார். பக்கத்தில் நின்ற பர்வின்தான் பேசினாள்.

"ஏன் அத்தா, அம்மா ஜாஃபரைத் தண்ணிலேருந்து தூக்குனது உங்களுக்குத் தெரியாதா?"

"பர்வின்" என்று அதட்டினாள் ஹலீமா.

"என்னம்மா, இப்பயாவது தெரியட்டுமே." அவள் அத்தாவின் பக்கம் திரும்பினாள். "தம்பிக்கு அப்ப மூணு வயசு. ஐப்பசி மழை. நம்ம தெருக் கோடியில வாய்க்கா நெறைஞ்சு ஓடுது. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். உதறிட்டு ஓடினான், வழுக்கி உள்ள விழுந்துட்டான். நான் கத்துனேன். அம்மா வீட்லேருந்து ஓடி வந்து சேலையோட குதிச்சாங்க. மதகு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு தண்ணி. மதகுக்குள்ள போறதுக்கு முன்னாடி அவன் சட்டையைப் பிடிச்சுட்டாங்க."

ஜாஃபருக்கும் அது புதிய செய்திதான். அக்காவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" மஜீது ஹலீமாவைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லி? நீங்க அங்க ஒத்தையா உக்காந்துகிட்டுத் தூக்கம் இல்லாம கெடப்பீங்க. புள்ளை நல்லா இருக்கான். அதுக்கு மேல என்ன சொல்லணும்? போன்ல லேசா சளின்னு சொன்னேன். நெசமாவே சளி பிடிச்சிருந்துச்சு."

அந்தப் போன் அவருக்கு நினைவில் இல்லை. எத்தனையோ போன்களில் ஒன்று. எல்லாரும் நல்லா இருக்கோம் என்று அவள் சொன்ன எத்தனையோ தடவைகளில் ஒரு தடவை. அந்த நல்லா இருக்கோமுக்குப் பின்னால் இவள் இப்படிச் சேலையோடு குதித்திருக்கிறாள். அவர் ஜாஃபரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மீசை அரும்பிய பையனின் ஈரத் தலையில் கையை வைத்தபடி வெகுநேரம் எடுக்கவில்லை. அவனும் தலையை நகர்த்தவில்லை.

மறுநாள் காலை ஜெட் ஸ்கீ எனும் தண்ணீர் ஸ்கூட்டர் ஓட்ட ஏற்பாடு. பிள்ளைகளை அதற்கு அனுப்பிவிட்டு மஜீது ஹலீமாவிடம் வந்து நின்றார். லுங்கி இல்லை, புதிதாக வாங்கிய அரைக்கால் சட்டை.

"எனக்குக் கத்துக் குடு."

"நெசமாவா? நேத்துத்தானே..."

"நீ பிடிச்சுக்குவேல்ல?"

கரையோரம் இடுப்பளவு தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் அவரை மல்லாந்து படுக்கச் சொன்னாள். முதல் தடவை அவர் கல் மாதிரி உள்ளே போனார். இரண்டாவது தடவையும் அப்படியே. "உடம்பை விறைக்காதீங்க. கட்டில்ல படுக்கற மாதிரி படுங்க" என்றாள். பக்கத்தில் ஒரு வடநாட்டுக் குழந்தை ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து அவரை வேடிக்கை பார்த்தது. ஊரில் என்றால் வெட்கப்பட்டிருப்பார். இங்கே அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் சொல்வதை மட்டும் கேட்டார்.

வெயில் ஏறும்போது, முதுகுக்கு அடியில் கை இல்லாமலே தாம் மிதந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. எப்போது கையை எடுத்தாள் என்று தெரியவில்லை. காதுகள் தண்ணீருக்குள் இருந்ததால் வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னார். தம் குரலே உள்ளுக்குள் பெரிதாகக் கேட்டது.

அதன் பிறகு ஹலீமா முகமூடியை மாட்டிக்கொண்டு தனியாக நீந்தினாள். ஆழத்தைக் காட்டும் மிதவை வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மஜீது கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கும்போதும் என்ன மீன் பார்த்தாள் என்று கூவிச் சொன்னாள். பெயர் தெரியாததால் நிறம் சொன்னாள். இவ்வளவு பேசுவாள் என்று அவருக்குத் தெரியாது.

ஊர் திரும்பியபோது தை பிறக்க இருந்தது. சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடையை மறுபடி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், "அந்த எடத்தைக் காட்டு" என்றார் மஜீது. எந்த இடம் என்று ஹலீமா கேட்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடவே நடந்தாள்.

தெருக் கோடியில் ஒரு பூவரச மரத்தடியைக் காட்டினாள். "இங்கதான் விழுந்தான்." பிறகு கரையோரமாகவே நடந்து மதகுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாள். "இங்க பிடிச்சேன்."

மஜீது அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தார். தினமும் வண்டியில் கடக்கிற தூரம்தான். மதகின் இரும்புப் பலகைக்கு அடியில் தண்ணீர் இரைச்சலோடு சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு வாழை மட்டை மிதந்து வந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுபட்டு மறைந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"நான் பெருசா என்னமோ உங்களுக்குக் காட்டப் போறேன்னு கூட்டிட்டுப் போனேன் ஹலீமா."

"காட்டுனீங்களே. எவ்வளவு மீனு. நான் வேற எங்க போய்ப் பாப்பேன்?"

"நீ செஞ்சதுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேணாம். குடமுருட்டில தண்ணி இருக்கறப்பவே ஒரு நாள் எங்க வீட்டுக்குப் போவோம். உங்களுக்கு இன்னும் கவுந்து நீந்த வரல."

போகலாம் என்று தலையாட்டினார். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் கை கால் முகம் கழுவி ஒளூ செய்ய வேண்டும். வாய்க்கால் படியில் இறங்கப் போனவரின் முழங்கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பாசி இருக்கு, பாத்து எறங்குங்க."

அவர் பார்த்து இறங்கினார்.